திருத்தணிக்கு நேர்ந்த முடி

என் அண்ணன் துளசிங்கத்துக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். திருத்தணி ஸ்டேஷன் வாசலில் ஜட்கா ஓட்டுகிற எல்லோருக்கும் அது தெரியும். அவனுடைய செவலைக் குதிரைக்கும் தெரியும். கொழும்புக்கு மட்டும் தெரியவில்லை. வந்து இறங்கிய நாளிலிருந்து அந்த ஊர் அவனைச் சீண்டிக்கொண்டே இருந்தது.

அவன் எதற்காக வந்தான் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் மகன் கஜபதிக்கு அப்போது ஆறு வயசு. பிறந்ததிலிருந்து அவன் தலையில் கத்தி பட்டதில்லை. முதல் முடி திருத்தணி மலைக்கு என்று அண்ணன் நேர்ந்துகொண்டிருந்தான். எங்கள் பக்கத்தில் முதல் மொட்டை என்றால் பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் எடுக்க வேண்டும். கஜபதி பிறந்தது என்னவோ திருத்தணியில்தான். கைக்குழந்தையோடு நான் கொழும்புக்குத் திரும்பும்போது, அடுத்த வருஷமே கூட்டிக்கொண்டு வந்து மொட்டை போட்டுவிடலாம் என்று என் வீட்டுக்காரர் எல்லோர் எதிரிலும் சொன்னார். அடுத்த வருஷம் ஜப்பான்காரன் சண்டைக்கு வந்துவிட்டான். கொழும்பிலேயே குண்டு விழுந்தது. பாதி ஊர் இந்தியாவுக்கு ஓடியது, நாங்கள் ஓடவில்லை. சண்டை முடிந்த பிறகும் ஒரு வருஷம் போய்விட்டது. பையன் தலைமுடி இடுப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. தினமும் எண்ணெய் வைத்துச் சடை பின்னி விடுவேன். தெருப் பிள்ளைகள் அதைப் பிடித்து இழுத்துவிட்டு ஓடும்.

அண்ணனுக்குக் குழந்தை இல்லை. எனக்கு அவனும் அவனுக்கு நானும்தான். அப்பா அம்மா இரண்டு பேரும் போய்விட்டார்கள். கிருத்திகைக்குக் கிருத்திகை எத்தனையோ தாய்மாமன்களை அவன் தன் வண்டியில் மலையடிவாரத்துக்கு ஏற்றிக்கொண்டு போவான். போகும்போது மடியில் முடியோடு ஒரு பிள்ளை இருக்கும், வரும்போது மொட்டைத் தலையும் சந்தனமுமாக இருக்கும். சந்தனம் வண்டித் தட்டியெல்லாம் ஒட்டிக்கொள்ளும். அவன் அதை அவசரப்பட்டுத் துடைக்க மாட்டான். நம்ம மடிக்கும் ஒரு தலை கொழும்பில் வளர்ந்துகினு கீது என்று வண்டிக்காரர்களிடம் சொல்லிக்கொண்டே இருப்பானாம். ஆறு வருஷமாகச் சொன்னால் யார்தான் கேலி பண்ண மாட்டார்கள்? பண்ணியிருக்கிறார்கள். கடைசியில், வருகிற ஆடிக் கிருத்திகைக்குப் பையனும் தங்கச்சியும் என் வண்டியில் வராவிட்டால் பாருங்கள் என்று சொல்லிவிட்டுக் குதிரையைப் பஞ்சாட்சரம் என்ற கூட்டாளியிடம் ஒப்படைத்துவிட்டு ரயிலேறிவிட்டான்.

எனக்கும் இதில் ஒரு ஆசை இருந்தது. ஒளிப்பானேன்? ஊரைப் பார்த்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. ஒரு பெண்பிள்ளை சும்மா ஊருக்குப் போகிறேன் என்று சொன்னால் எடுபடாது. கல்யாணம், சாவு, பிரசவம், நேர்த்திக்கடன், இதில் ஒன்று வேண்டும். எனக்கு மிச்சமிருந்தது நேர்த்திக்கடன் ஒன்றுதான். அது என் பிள்ளையின் முதுகில் தொங்கிக்கொண்டிருந்தது.

அண்ணன் வருகிற நாளன்று என் வீட்டுக்காரர் கொழும்புக் கோட்டை ஸ்டேஷனுக்குப் போய் அழைத்து வருவதாக இருந்தது. அவர் பெயர் பரந்தாமன். அரக்கோணத்துக்காரர். கொழும்புத் துறைமுகத்தில் கிடங்கில் மூட்டைக் கணக்கு எழுதுகிறவர். அன்றைக்கென்று பார்த்து ஒரு அரிசிக் கப்பல் வந்து தொலைத்தது. அண்ணன் ஸ்டேஷன் வாசலில் வெயில் ஏறும் வரைக்கும் நின்றிருக்கிறான். பிறகு ஒரு ரிக்‌ஷாக்காரனிடம் விலாசத்தைக் காட்டியிருக்கிறான். மனிதன் இழுக்கிற வண்டியில் மனிதன் உட்காருவதா என்று மூட்டையை மட்டும் அதில் ஏற்றிவிட்டு இவன் கூடவே நடந்திருக்கிறான். மூட்டை ராஜா மாதிரி சவாரி வர, இவன் வேர்க்க விறுவிறுக்க எங்கள் சந்துக்குள் நுழைந்தான். ஒரே மணிக்கூண்டை இரண்டு தடவை பார்த்தானாம். ரிக்‌ஷாக்காரன் சுற்றிச் சுற்றிக் கூட்டி வந்திருக்கிறான்.

"என்னியே சுத்தவுடறான்," என்று வந்ததும் வராததுமாகச் சொன்னான்.

வெளியூர் ஆட்களைக் குளத்தை ஒரு சுற்று அதிகமாகச் சுற்றிக் காட்டி மலையடிவாரத்தில் இறக்கிவிடுகிறவன் அவன். அது எனக்குத் தெரியும். சிரிப்பு வந்துவிட்டது. நான் சிரித்தது அவனுக்குப் பிடிக்கவில்லை.

மூட்டையிலிருந்து முதலில் ஒரு பித்தளைச் செம்பை எடுத்துக் கவிழ்த்துக் காட்டினான். ஒரு சொட்டு விழவில்லை. சரவணப் பொய்கைத் தண்ணீரைப் பிடித்து, வாயில் துணி கட்டி, மெழுகு வைத்து, எனக்காகக் கொண்டு வந்திருக்கிறான். கப்பலேறும் முன்னால் நடந்த சோதனையில் வாந்திபேதிக் காலம் என்று சொல்லி அதைத் தரையில் கொட்டிவிட்டார்கள். சாமி தீர்த்தம் என்று இவன் சொல்ல, எந்தத் தண்ணியானாலும் தண்ணிதான் என்று அவர்கள் சொல்ல, பெரிய சண்டையாகியிருக்கிறது. இன்னும் ஒரு நாள் இங்கேயே பிடித்து உட்கார வைத்துவிடுவோம் என்ற பிறகுதான் வாயை மூடியிருக்கிறான். மலைச் சந்தனம் மட்டும் காய்ந்த உருண்டையாகத் தப்பி வந்திருந்தது. அதை என் சாமி மாடத்தில் வைத்தான். மொட்டை போட்ட தலையில் பூச மலையிலேயே சந்தனம் கிடைக்குமே, எதற்கு இவ்வளவு தூரம் சுமந்தாய் என்று கேட்டேன். பையன் வாசனை பழகட்டும் என்றான்.

பையன் பழகவில்லை. அதுதான் அவனுக்குப் பெரிய அடி. கஜபதி கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். அண்ணன் மீசை பெரிசு. குரல் அதைவிடப் பெரிசு. தெருவில் போகிற மாட்டை விரட்டுகிற குரலில்தான் அவனுக்குக் கொஞ்சத் தெரியும். "வாடா, மாமன்டா," என்று அவன் கூப்பிட்டதும் பையன் வீறிட்டு அழுது பக்கத்து வீட்டுக்கு ஓடிவிட்டான். பக்கத்து வீட்டில் சோமா என்று ஒரு சிங்களப் பெண், கஜபதியைவிட இரண்டு மூன்று வயசு மூத்தவள். அவள் அம்மா தையல் மெஷின் வைத்திருந்தாள். என் பிள்ளை பாதி நாள் அங்கேதான் கிடப்பான். சோமா தமிழும் பேசுவாள், இவன் சிங்களமும் பேசுவான். சொந்த மாமனைப் பார்த்து அழுதவன் சோமாவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நிற்பதைக் கண்டதும் அண்ணன் முகம் சுண்டிப் போயிற்று.

சாப்பாடு இன்னொரு தொல்லை. அரிசி கூப்பனுக்குத்தான். வந்த விருந்தாளிக்குக் கூப்பன் கிடையாது. எங்கள் மூன்று பேர் அரிசியை நான்காக்கி ஒரு வேளைக்குச் சோறு போட்டேன். மற்ற வேளைக்குப் பாண். அந்த ஊரில் ரொட்டியைப் பாண் என்பார்கள். தேங்காய்ச் சம்பலோடு கொடுத்தால் அவன் அதைப் பிட்டுப் பிட்டுப் பார்ப்பான். பஞ்சைத் தின்னச் சொல்கிறாயா என்பான். பசி வந்தால் அவனுக்குக் கோபம், கோபம் வந்தால் பசி. நான் என்னதான் செய்வது? என் பங்குச் சோற்றை அவனுக்குத் தள்ளினால் அதைக் கண்டுபிடித்து அதற்கும் கோபித்துக்கொண்டான்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டிருப்பான். என் வீட்டுக்காரர் விஷயம்தான் அவனைக் கொன்றது. அவர் விடியும் முன்னே போய் விளக்கு வைத்த பிறகு வருவார். வந்ததும் அண்ணன் பேச்சை ஆரம்பிப்பான். எப்போது கிளம்பலாம் என்று கேட்பான். பார்க்கலாம் மச்சான் என்பார் அவர். லீவு கேட்கணும் என்பார். ஸ்டிரைக் வரும் போலிருக்கிறது என்பார். ஒரு நாளும் மாட்டேன் என்று சொன்னதில்லை. மாட்டேன் என்று சொல்லிவிட்டால் அண்ணன் சண்டை போடலாமே. பார்க்கலாம் என்கிறவனோடு எப்படிச் சண்டை போடுவது? ஆறு வருஷமாக நான் அந்தப் பார்க்கலாமைத்தான் தின்று கொண்டிருந்தேன். அண்ணனுக்கு நாலைந்து நாளிலேயே திகட்டிவிட்டது.

பகலில் வீட்டில் இருக்கப் பிடிக்காமல் வெளியே கிளம்புவான். டிராம் வண்டி மணியடித்தால், தெருவே உன்னுதா என்று டிராமைப் பார்த்துக் கத்துவான். டிராம் நின்று கேட்குமா? ஒரு தடவை செட்டியார் தெருவில் ஒரு வாடகைக் குதிரை வண்டியைப் பார்த்திருக்கிறான். குதிரைக்குக் கழுத்துப் பட்டைக்குக் கீழே புண். இவன் போய்க் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு, பட்டையை அவிழ்த்துத் துணி வைத்துக் கட்டு என்று அந்த வண்டிக்காரனோடு மல்லுக்கு நின்றிருக்கிறான். அவனுக்குத் தமிழ் தெரியாது. வண்டிக்குள் உட்கார்ந்திருந்த அம்மாள் பயந்து கூச்சல் போட, போலீஸ்காரன் வந்து இவனைத் தள்ளிவிட்டான். பிறகு வழி தவறி, இருட்டும் நேரத்துக்கு யாரோ ஒரு பால்காரர் கொண்டு வந்து விட்டார். அன்றைக்கு அவன் சாப்பிடும்போது, பஞ்சாட்சரம் செவலைக்கு வேளைக்குக் கொள்ளு வைப்பானா மாட்டானா என்று மட்டும் ஒரு தடவை கேட்டான்.

மறுநாள் என் வீட்டுக்காரர் ஒரு யோசனை சொன்னார். எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஜிந்துப்பிட்டி முருகன் கோயில் இருக்கிறது, அங்கேயே மொட்டை எடுத்தால் என்ன, தாய்மாமனும் வந்தாயிற்று, முருகன் எங்கே இருந்தாலும் முருகன்தானே என்றார். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

"முருகன் முருகன்தான் மாப்ள," என்றான் அண்ணன். "இந்த முருகன்கிட்ட நா நேர்ந்துக்கலியே. ஒருத்தருக்குச் சொல்லிட்டு இன்னொருத்தருக்கு எப்பிடிக் குடுக்கிறது?"

அவர் அதற்கும் பார்க்கலாம் என்றார்.

இதற்கு நடுவில் பையனை வசப்படுத்த அண்ணன் ஒரு வழி கண்டுபிடித்தான். கூப்பிடுவதை விட்டுவிட்டான். முற்றத்தில் குழாயடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு சோமாவுக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் கதை சொல்ல ஆரம்பித்தான். எல்லாம் மொட்டைக் கதைதான். ஸ்டேஷனில் இறங்கினால் செவலை எப்படிக் காதைத் தூக்கும், வண்டி எப்படிக் குலுங்கும், படியேறும்போது கூட்டம் எப்படி அரோகரா போடும் என்று சொல்லிக்கொண்டே போவான். அப்புறம் ஒரு முழுத் தேங்காயை மடியில் வைத்துக்கொண்டு, இதுதான் தலை என்று சொல்லி, நாவிதர் தண்ணீர் தெளித்து எப்படி முதல் கத்தி வைப்பார், முடி எப்படி இலையில் விழும் என்று செய்து காட்டுவான். தேங்காய் நாரைப் பிய்த்துப் பிய்த்துப் போடுவான். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். கடைசியில் தேங்காய்க்குச் சந்தனம் பூசுவது போலத் தடவிக்கொடுப்பான்.

"மாமன் மடியில உக்காந்தா அசையவே கூடாது," என்பான் ஒவ்வொரு தடவையும். "அசையாம இருக்கிற புள்ளைக்குத்தான் சந்தனம்."

கதவுக்குப் பின்னாலிருந்த கஜபதி வாசல்படிக்கு வந்தான். மறுநாள் படியை விட்டு இறங்கினான். அதற்கு மறுநாள் தேங்காய் மாமா மடியிலிருந்து உருண்டு விழுந்தபோது அதை எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தான். அவ்வளவுதான். மடியில் உட்காரவில்லை. ஆனாலும் அண்ணன் அன்றைக்குப் பாணைக் குறை சொல்லாமல் தின்றான்.

அந்த வாரக் கடைசியில் அண்ணனுக்குப் பொறுமை போய்விட்டது. மூட்டையைக் கட்டி வாசலில் வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டான். சோறும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். என் வீட்டுக்காரர் வேலையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் பிடித்துக்கொண்டான்.

"மாப்ள, மாட்டேன்னு சொல்லிடு. நா எழுந்து போயிடறேன். பாக்கலாம்னு மட்டும் சொல்லாத."

அவர் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நான் அடுப்பங்கரையில் நின்று, இன்றைக்கும் ஏதாவது மழுப்பட்டும், நானே வெளியே வந்து கேட்கிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அவர் மழுப்பவில்லை.

"அனுப்பிட்டு, அப்புறம் திரும்பி வர வுடலன்னா?" என்றார். "இந்தியாக்காரங்க போனா போனதுதான்னு துறைமுகத்துல பேசிக்கிறாங்க மச்சான். இவளும் புள்ளையும் அங்க மாட்டிக்கினா நா இங்க இன்னா பண்ணுவேன்?"

ஆறு வருஷத்தில் இதை அவர் என்னிடம் சொன்னதில்லை. லீவு, கப்பல், ஸ்டிரைக் என்று எல்லாவற்றையும் சொன்னாரே ஒழிய, பயமாக இருக்கிறது என்று சொல்லவில்லை. எனக்குப் பாவமாகவும் இருந்தது, பத்திக்கொண்டும் வந்தது. முதலிலேயே சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும்? அண்ணன் மூட்டையை விட்டு எழுந்து அவர் கையைப் பிடித்தான். கிருத்திகை முடிந்ததும் தானே இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வந்து இந்த வாசலில் விட்டுவிட்டுத்தான் போவேன் என்று மலை மேல் ஆணை வைத்தான். அவர் சட்டையைக் கொடியில் போட்டுவிட்டுச் சரி என்றார்.

பிறகு எல்லாம் சுறுசுறுப்பாக நடந்தது. அவர் லீவு போட்டுவிட்டு அண்ணனைக் கூட்டிக்கொண்டு டிக்கெட் வாங்கப் போனார். இரண்டு பேரும் சேர்ந்து வெளியே போனது அதுதான் முதல் தடவை. நான் கூப்பன் கடை வரிசைக்குப் போனேன். வழிக்குக் கட்டுச்சோறு வேண்டுமே. கஜபதியைச் சோமாவின் அம்மாவிடம் விட்டுவிட்டுப் போனேன். வரிசையில் நின்றுகொண்டே, திருத்தணியில் யார் யாரைப் பார்க்க வேண்டும், எந்தப் புடவையை உடுத்திக்கொண்டு மலையேறுவது என்று மனசுக்குள் எல்லாம் செய்து முடித்துவிட்டேன். பக்கத்தில் நின்றவளிடம் ஊருக்குப் போகிறேன் என்று சொன்னேன். அவள் கேட்கவே இல்லை, நானாகச் சொன்னேன்.

நான் சந்துக்குள் நுழையும்போது அவர்களும் எதிரே வந்துகொண்டிருந்தார்கள். அண்ணன் கையில் பையனுக்கென்று வாங்கிய மஞ்சள் துண்டு. முற்றத்தில் சத்தமே இல்லை. அத்தனை பிள்ளைகள் இருக்கிற இடத்தில் சத்தமில்லாவிட்டால் ஏதோ நடக்கிறது என்று அர்த்தம். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன்.

பின்வீட்டுப் பையன் ஒருத்தன் கரியால் பெரிய மீசை வரைந்துகொண்டு சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தான். அவன் மடியில் கஜபதி. சோமா கையில் அவள் அம்மாவின் தையல் கத்தரி. கீழே வாழையிலை போட்டு, அதன் மேல் என் பிள்ளையின் சடை முழுசாகக் கிடந்தது. செம்பருத்திப் பூ ஒன்றும் வைத்திருந்தார்கள். ஒரு பக்கத் தலை ஒட்ட வெட்டியிருந்தது, மறு பக்கம் எலி கரண்டினாற்போல் நீட்டிக்கொண்டிருந்தது. வெட்டிய பக்கத்தில் மலைச் சந்தனத்தைக் குழைத்து அப்பியிருந்தார்கள். சாமி மாடத்திலிருந்து எடுத்துக் கொடுத்தவன் என் பிள்ளைதான், வேறு யார்? மற்றப் பிள்ளைகள் கை கூப்பிக்கொண்டு சுற்றி நின்றன. எங்களைப் பார்த்ததும் எல்லாம் ஓடிவிட்டன. கஜபதி ஓடவில்லை. கழுத்தைக் கூடத் திருப்பாமல் கண்ணை மட்டும் உருட்டி அண்ணனைப் பார்த்தான்.

"மாமா, நா அசையவே இல்ல."

என் கையிலிருந்த அரிசிப் பை கீழே விழுந்தது. யாரை அடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. என் தலையில்தான் அடித்துக்கொண்டேன். அதற்குள் சோமாவின் அம்மா ஓடி வந்து அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து முறுக்கினாள். அண்ணன் போய் அவள் கையை விலக்கிவிட்டான். குழந்தையை அடிக்காதே, நான் சொல்லிக்கொடுத்ததைத்தானே செய்தது என்றான். அவளுக்கு அவன் பேச்சு புரியவில்லை, ஆனாலும் விட்டுவிட்டாள்.

நான் திரும்பி என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. அவர் முகத்தில் திகைப்பு இருந்தது. திகைப்புக்கு அடியில், கையில் கனத்த மூட்டையை இறக்கி வைத்தவனுக்கு வருகிற மூச்சு ஒன்று வந்தது. எனக்கு அது நன்றாகக் கேட்டது.

"நடந்தது நடந்துபோச்சி," என்றார். "முடியே இல்லாதப்போ இனிமே எதுக்குப் போறது? டிக்கெட்ட திருப்பிக் குடுத்துடலாம்."

கொழும்பு மண்ணை மிதித்ததிலிருந்து எதற்கெல்லாமோ கத்திய அண்ணன், கத்த வேண்டிய இடத்தில் வாயைத் திறக்கவில்லை. குனிந்து முற்றத்தில் பறந்துகொண்டிருந்த முடியை ஒவ்வொன்றாகப் பொறுக்கினான். தொட்டியோரத்தில், குழாயடியில், செருப்புகளுக்கு நடுவில் என்று தேடித் தேடிப் பொறுக்கி மஞ்சள் துண்டில் போட்டான். பிறகு தெருவிலிருந்து ஒரு நாவிதரைக் கூட்டிக்கொண்டு வந்தான். பாதித் தலையோடு பிள்ளையை எப்படி விடுவது? துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து மடியைத் தட்டினான். கஜபதி தானாகவே போய் ஏறி உட்கார்ந்தான். ஆசைப்பட்ட மடி கிடைத்துவிட்டது, மலை கிடைக்கவில்லை. மீதி முடி அண்ணன் மடியில் விழுந்தது. பையன் மூச்சைப் பிடித்துக்கொண்டு சிலை மாதிரி இருந்தான். அண்ணன் கண்ணிலிருந்து தண்ணீர் வந்து மீசையில் இறங்கியதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். முடித்த பிறகு பூசுவதற்குச் சந்தனம் மிச்சமில்லை.

அன்று நான் அவரிடம் சண்டை போட்டேன். முடி போனால் போகட்டும், ஊருக்குப் போகிறேன் என்றேன். எதுக்கு என்று கேட்டார். அவர் கெட்டவர் இல்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். எதுக்கு என்றால் என்ன சொல்வது? என் ஊரைப் பார்க்க என்றேன். அதான் உங்க அண்ணனே வந்து உன்னப் பாத்துட்டானே என்றார். எனக்கு அழுகைகூட வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. பிள்ளையின் முடி போனதற்கு ஆளாளுக்கு வருத்தப்பட்டார்கள். என் வழி அடைபட்டது யார் கண்ணிலும் படவில்லை என்று நினைத்தேன்.

மறுநாள் அண்ணனை வழியனுப்பக் கோட்டை ஸ்டேஷனுக்குப் போனோம். எங்கள் டிக்கெட்டுகளைத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. நேர்ந்த முடியைக் கொண்டுபோய் மலை உண்டியலில் சேர்த்துவிடுகிறேன் என்று அண்ணன் மஞ்சள் துண்டை முடிச்சுப் போட்டு இடுப்பில் செருகியிருந்தான். வண்டிக்காரர்கள் கேட்டால் என்ன சொல்வாய் என்று கேட்டேன். கேட்கட்டும் என்றான். கஜபதி இப்போது அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு இறங்க மாட்டேன் என்றான். பிடுங்கித்தான் எடுக்க வேண்டியிருந்தது. அண்ணன் பெட்டியில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தான். என் வீட்டுக்காரர் வெளியே நின்றுகொண்டு, போய்ச் சேர்ந்ததும் கடிதாசி போடுங்கள், அடுத்த வருஷம் எல்லோரும் வருகிறோம், பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பார்க்கலாம் என்ற சொல் காதில் விழுந்ததும் அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தான். என் முகத்தில் என்ன இருந்ததோ தெரியவில்லை. சின்ன வயசில் யாராவது என்னை அடித்துவிட்டால் அவன் இப்படித்தான் பார்ப்பான். கார்டு விசில் ஊதினான். அண்ணன் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினான். இடுப்பு முடிச்சின் மேல் கையை வைத்துக்கொண்டான்.

"மாப்ள, நல்லா கேட்டுக்க. முடி தப்பான மடியில வுழுந்துடுச்சி. அதுக்குப் பதிலு, அடுத்த வருசம் ஆடிக் கிருத்திகைக்கு என் தங்கச்சி தலமுடிய மலைக்கு நேர்ந்துக்கினேன். சாமி மேல சத்தியமா நேர்ந்துக்கினேன்."

மேடை முழுக்கக் கேட்டது. அதே மாட்டை விரட்டுகிற குரல். என் வீட்டுக்காரருக்கு வாயில் ஈ போனால்கூடத் தெரிந்திருக்காது. வேண்டாம் மச்சான் என்று கையை நீட்டிக்கொண்டு இரண்டு எட்டு ஓடினார். ரயில் நகர்ந்துவிட்டது. வாயால் சொன்ன நேர்த்தியை யார் திருப்பி வாங்க முடியும்? பையன் தலையென்றால் சோமா வெட்டலாம், நாவிதர் எடுக்கலாம். என் தலையை நான்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. என் முடியை நேர்ந்துகொள்ள இவன் யார்? ஒரு வார்த்தை என்னைக் கேட்டானா? இவர் கேட்காமல் நிறுத்தினார், அவன் கேட்காமல் நேர்ந்துவிட்டான். இடுப்புக்குக் கீழே தொங்குகிற முடி, பிரசவத்தில் கொட்டி மறுபடி வளர்ந்த முடி. ரயில் கடைசிப் பெட்டியும் போன பிறகும் அவன் இருந்த பக்கத்தையே முறைத்துக்கொண்டு நின்றேன். அப்புறம் என் கை தானாகப் போய்க் கொண்டையைத் தொட்டுப் பார்த்தது. அவன் எனக்கு என்ன செய்துவிட்டுப் போயிருக்கிறான் என்று அப்போதுதான் உறைத்தது. ஊருக்குப் போக எனக்கு மறுபடி ஒரு நேர்த்திக்கடன் இருந்தது.

வீட்டுக்கு நடந்தே வந்தோம். என் வீட்டுக்காரர் வழியெல்லாம் என் கொண்டையைப் பார்த்துக்கொண்டே வந்தார். பாதி வழியில், உங்க அண்ணன் விளையாட்டுக்குச் சொன்னானா என்று கேட்டார். அவன் மலை விஷயத்தில் விளையாட மாட்டான் என்றேன். இன்னும் கொஞ்ச தூரம் நடந்தார்.

"ஆடிக்குன்னா தையிலியே லீவு எழுதிக் குடுக்கணும்," என்றார். பார்க்கலாம் என்று சொல்லவில்லை.

கஜபதி என் கையைப் பிடித்து இழுத்தான். மொட்டைத் தலையில் வெயில் சுடாமலிருக்க என் முந்தானையைப் போர்த்தியிருந்தேன். அதை விலக்கிக்கொண்டு அண்ணாந்து பார்த்தான்.

"அப்ப நீயும் அசையக் கூடாதும்மா," என்றான்.

அசைய மாட்டேன்டா என்றேன்.